மாரத்தானில் அணிப் போட்டி: மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவோம்

நெடுவழி | சனி, காலை 6.40

நண்பர்களுக்கு வணக்கம். பெர்லின், லண்டன், சிகாகோ என்று தனியாள் வெற்றிகளைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடிவிட்டன. நாடுகள் அணி அணியாக மோதிய மாரத்தான்களுக்கு ஓர் இழைகூட இல்லை. நெடுநாளாக மனத்தை உறுத்திய குறை இது. நானே தொடங்குகிறேன்.

1985 ஏப்ரல். ஜப்பானின் ஹிரோஷிமா நகரம். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் மாரத்தானுக்கென்றே ஓர் உலகக் கோப்பையை முதன்முதலாக நடத்துகிறது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் முதலில் வரும் மூவரின் நேரத்தையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாட்டுக்குக் கோப்பை. அமெரிக்கா, பிரிட்டன், சொந்த மண்ணில் ஓடும் ஜப்பான் என்று யாரை வேண்டுமானாலும் எதிர்பார்த்திருக்கலாம். ஆண்கள் கோப்பையை வென்றது ஜிபூத்தி. செங்கடல் வாயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய நாடு விடுதலை பெற்றதே 1977இல்தான். அகமது சாலா 2:08:09இல் முதலாவதாக வந்தார். அப்போதைய உலகின் சிறந்த நேரம் ஸ்டீவ் ஜோன்ஸ் சிகாகோவில் ஓடிய 2:08:05. நான்கே வினாடிதான் இடைவெளி. ஜப்பானின் நகயாமா 2:08:15இல் இரண்டாவது. மூன்றாவதாக 2:08:26இல் மீண்டும் ஒரு ஜிபூத்திக்காரர், ஜமா ரோப்ளே.

இந்த இருவரின் பெயரும் பலருக்குத் தெரியும். ஆனால் இவர்கள் இருவர் மட்டும் ஓடியிருந்தால் கோப்பை கிடைத்திருக்காது. சர்மார்க்கே அப்தில்லாஹி என்று மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்ததால்தான் கூட்டல் கணக்கு முடிந்தது. அவரைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

எந்த நாட்டிலும் ஒரு மேதை தற்செயலாக முளைத்துவிடலாம். இரண்டாமவர் அவரைத் துரத்தியே வளர்ந்துவிடுவார். மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் பயிற்சியாளர் வேண்டும், விடிகாலையில் கூட ஓடக் கூட்டாளிகள் வேண்டும், ஓட்டத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காத ஓர் ஊர் வேண்டும். ஒரு நாட்டின் மாரத்தான் வளத்தை அளக்க அந்த மூன்றாவது ஆளின் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.


குறுஞ்சுற்று | சனி, காலை 8.15

மறுக்கிறேன், ஐயா. ஜிபூத்தி செய்தி அருமை, எனக்குப் புதியது. ஆனால் இதை அணிப் போட்டி என்று ஏற்க என்னால் முடியவில்லை.

மூவரும் தனித்தனியாகத்தான் ஓடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் மேசையில் உட்கார்ந்து கூட்டுகிறார். 4 × 400 மீட்டர் தொடரோட்டத்தில் கோல் கைமாறுகிறது. ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் ஈடுகட்டலாம். கால்பந்தில் ஒருவர் தட்டிக்கொடுக்க இன்னொருவர் அடிக்கிறார். மாரத்தானில் என் தோழன் 35ஆவது கிலோமீட்டரில் தள்ளாடினால், அவனுக்கு முன்னே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இதில் அணி எங்கே இருக்கிறது? வகுப்பில் முதல் மூன்று மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, சிறந்த பள்ளி என்று பட்டம் கொடுப்பது போலத்தான் இதுவும்.


முத்துச்சிப்பி | சனி, காலை 9.02

தம்பி குறுஞ்சுற்று, கூட்டல்தான் என்பது சரி. ஆனால் அந்தக் கூட்டல் சில சமயம் மேடைக்கு நேர் எதிரான கதையைச் சொல்லும்.

2003 பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப், பெண்கள் மாரத்தான். தங்கம் கென்யாவின் கேத்தரின் நெடெரேபாவுக்கு, 2:23:55. மறுநாள் எல்லா இடத்திலும் அவர் படம்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பாருங்கள்: நொகுச்சி 2:24:14, சிபா 2:25:09, சகாமோட்டோ 2:25:25. இரண்டு, மூன்று, நான்கு, மூவரும் ஜப்பான். கூட்டினால் 7:14:48. அப்போது அணிக் கோப்பையும் இதே ஓட்டத்தில்தான் கணக்கிடப்பட்டது, அன்றைக்கு அது ஜப்பானுடையது.

2007 ஒசாகா ஆண்கள் போட்டி இதைவிட அழுத்தமான சான்று. ஆகஸ்ட் வெயில், புழுக்கம். வென்ற லூக் கிபெட்டின் நேரமே 2:15:59 என்றால் அன்று சாலை எப்படிக் கொதித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதக்கங்கள் கென்யா, கத்தார், சுவிட்சர்லாந்துக்குப் போயின. ஜப்பானுக்கு ஒரு பதக்கமும் இல்லை. ஆனால் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று இடங்களும் ஜப்பானியர்களுக்கு. அணிக் கோப்பை அவர்களிடம் போனது. மேடையில் ஒருவரும் ஏறாமல் உலகக் கோப்பையை வெல்லும் வாய்ப்பு வேறு எந்த ஓட்டத்தில் இருக்கிறது? பள்ளி உதாரணம் இங்கே பொருந்தாது. அந்த மூவரும் ஒரே வெயிலில், ஒரே சாலையில், ஒரே திட்டத்தோடு பொறுமையாக ஓடினார்கள். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள்.


ஓடும்பிள்ளை | சனி, காலை 10.30

நான் புதியவன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? மூவரில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மீதி இருவரின் நேரம் வீணா?


நெடுவழி | சனி, மதியம் 1.20

வீண்தான், தம்பி. மூன்று நேரம் இல்லையென்றால் அந்த நாட்டுக்கு அணிப் பட்டியலில் இடமே கிடையாது. உலகச் சாம்பியன்ஷிப்போடு கோப்பை இணைக்கப்பட்ட காலத்தில் ஐந்து பேர் வரை இறக்கலாம், முதல் மூவரின் நேரம் கணக்கு என்று இருந்தது. பெரிய நாடுகளுக்கு அது ஒரு பாதுகாப்பு. மூன்றே பேரை அனுப்பக்கூடிய நாட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது. குறுஞ்சுற்று கேட்ட ‘அணி எங்கே’ என்பதற்கும் அதுவே என் பதில்.

எனக்கு அப்போது 27 வயது. நான் வேலை பார்த்த துறையின் அணிக்காக வடக்கே ஓர் ஊரில் முழு மாரத்தான் ஓடினேன். மூன்று பேர் அணி. மற்ற இருவரும் என்னைவிட நல்ல ஓட்டக்காரர்கள், நான் மூன்றாவது. 34ஆவது கிலோமீட்டரில் இடது பின்தொடையில் தசைப்பிடிப்பு. கால் கட்டை மாதிரி ஆகிவிட்டது. சாலையோரத்தில் ஒரு மைல்கல். அதன்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழ மனமில்லை. தனியாள் போட்டியாக இருந்தால் அங்கேயே பின்னால் வந்த வண்டியில் ஏறியிருப்பேன், சத்தியமாக.

எங்கள் பயிற்சியாளர் சைக்கிளில் திரும்பி வந்தார். திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடியே, ‘அவர்கள் இருவரும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீ வந்தால்தான் அவர்கள் ஓடியது கணக்கில் சேரும்’ என்றார். அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு கிலோமீட்டர். நூறு தப்படி நடை, ஐம்பது தப்படி ஓட்டம், மறுபடி நடை. முடிக்கும்போது என் நேரம் 3:21. நாங்கள் நான்காவதாக வந்தோம், பதக்கம் கிடையாது. ஆனால் முடிவுக்கோட்டில் அவர்கள் இருவரும் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் தேநீர் டம்ளர். குடிக்கவே இல்லை, மேலே ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்களோ தெரியாது.

முன்னே ஓடுகிறவனுக்குப் பின்னே நடப்பது தெரியாது என்கிறீர்கள். தெரியாமல்தான் அவன் ஓடுகிறான். பின்னே ஒருவன் வருவான் என்று நம்பி ஓடுகிறான். எனக்கு அது போதும், அதை அணி என்று சொல்வேன்.


குறுஞ்சுற்று | சனி, மாலை 5.45

தேநீர் டம்ளரைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, ஐயா. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் என் கேள்வி மேல்மட்ட ஓட்டத்தைப் பற்றியது. அங்கே ஓட்டம் பிழைப்பு. ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் ஓடலாம், மிஞ்சினால் மூன்று. நிலைமை சரியில்லை என்றால் 30ஆவது கிலோமீட்டரில் விலகிவிட்டு, அடுத்த சில வாரங்களில் வேறொரு நகரத்தில் பரிசுப்பணத்துக்கு ஓடலாம். அவரிடம் போய், ‘பன்னிரண்டாவதாக வந்தாலும் பரவாயில்லை, முடித்துவிடு, உன் நாட்டு அணிக்கு வேண்டும்’ என்றால் கேட்பாரா? கேட்கச் சொல்வது நியாயமா? பெரிய நகர மாரத்தான்கள் வரவுக்கட்டணம் கொடுத்து அழைக்கின்றன. நாட்டுக் கோப்பை என்ன கொடுக்கிறது?


முத்துச்சிப்பி | சனி, இரவு 8.10

இது சரியான கேள்வி. உலகக் கோப்பை மெலிந்துபோனதற்கு ஒரு காரணத்தையும் தொட்டுவிட்டீர்கள்.

கோப்பை நடந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்: 1985 ஹிரோஷிமா, 1987 சியோல், 1989 மிலான், 1991 லண்டன், 1993 சான் செபாஸ்டியன், 1995 ஏதென்ஸ். எல்லாம் ஒற்றைப்படை ஆண்டுகள். உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் தொடக்கத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடந்தது: 1983, 1987, 1991. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். 1993, 1995, 1997. அதாவது கோப்பை நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் உலகச் சாம்பியன்ஷிப் மாரத்தானும் நடக்கும். ஒரே ஆண்டில் இரண்டு நாட்டுப் போட்டி, இடையில் நகர மாரத்தான்கள். மனிதக் கால்கள் எத்தனைக்குத் தாங்கும்?

1997இல் ஏதென்ஸில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். தனியாள் பதக்கத்துக்கான ஓட்டமே அணிக் கோப்பைக்கும் கணக்கு. அந்த முதல் இணைப்பு ஓட்டத்தில் ஸ்பெயினின் ஆபெல் அன்டோனும் மார்ட்டின் ஃபிஸும் முதல் இரண்டு இடம். அணிக் கோப்பையும் ஸ்பெயினுக்கே. செலவுக் கணக்கில் பார்த்தால் அந்த முடிவு புத்திசாலித்தனமானது. ஆனால் தனக்கென்று ஒரு நாள், தனக்கென்று ஒரு சாலை இல்லாத போட்டி பிறகு யார் கண்ணிலும் படவில்லை. தொலைக்காட்சி மூன்று பதக்கக்காரர்களைக் காட்டிவிட்டு அடுத்த போட்டிக்குப் போய்விடும். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஆட்களைக் காட்டாமல் அணிக் கோப்பையை எப்படிக் காட்டுவது?

ஸ்பெயினைச் சொன்னதும் 1994 ஹெல்சின்கி நினைவுக்கு வருகிறது. ஐரோப்பியச் சாம்பியன்ஷிப். ஃபிஸ், தியேகோ கார்சியா, யுஸ்தாதோ, மூன்று பதக்கமும் ஒரே நாட்டுக்கு. கார்சியா 2001இல் பயிற்சி ஓட்டத்தின்போதே மாரடைப்பில் இறந்துபோனார். இன்றும் எனக்கு அந்த மூவரின் பெயரும் ஒன்றாகத்தான் வாயில் வரும்.


கிழக்குக்கரை | ஞாயிறு, காலை 5.50

யோகோஹாமாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இழையில் எக்கிடென் என்ற ஜப்பானிய நெடுந்தூரத் தொடரோட்டம் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன்.

குறுஞ்சுற்று கேட்கும் கைமாற்றம் இங்கே உண்டு. கோலுக்குப் பதிலாக ஒரு துணிப்பட்டை. தசுக்கி என்பார்கள். பூணூல் போலத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் எக்கிடென் 1917இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு ஓடப்பட்டது. 1920இல் ஹகோனே எக்கிடென் தொடங்கியது. தொடங்கியவர்களில் முதன்மையானவர் கனகுரி ஷிசோ. ஆமாம், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வெயிலில் சுருண்டு விழுந்து, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பி, 1967இல் மறுபடி அங்கே போய் மாரத்தானை முடித்தாரே, அவரேதான். தனி ஓட்டத்தில் தோற்ற மனிதர் தன் நாட்டுக்குக் கூட்டமாக ஓடக் கற்றுக்கொடுத்தார்.

ஹகோனே ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கும். பல்கலைக்கழக அணிகள். டோக்கியோவிலிருந்து ஆஷி ஏரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 217 கிலோமீட்டர், பத்துப் பேர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ அரை மாரத்தான். ஐந்தாவது ஆளுக்கு மலையேற்றம், 800 மீட்டருக்கும் மேலே. புத்தாண்டு விடுமுறையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்ப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தொட்சுகா கைமாற்று இடத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். பொதுச் சாலையை நெடுநேரம் அடைத்துவைக்க முடியாது என்பதால் ஒரு விதி உண்டு. முதல் அணி கடந்துபோய்க் குறித்த நிமிடங்கள் ஆகிவிட்டால், தசுக்கி வந்து சேராத அணிகளின் அடுத்த ஓட்டக்காரர்கள் எல்லாரையும் மாற்றுப்பட்டை போட்டுச் சேர்ந்தாற்போல் கிளப்பிவிடுவார்கள். அன்று ஒரு பையன் காத்துக்கொண்டிருந்தான். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துச் சாலையைப் பார்க்கிறான், அதிகாரியைப் பார்க்கிறான், மறுபடி சாலையைப் பார்க்கிறான். மாற்றுப்பட்டையை மாட்டிவிட்டார்கள். துப்பாக்கி வெடித்தது. போய்விட்டான்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வளைவில் அவனுடைய தோழன் வந்துவிட்டான். தசுக்கியைக் கழற்றி முஷ்டியில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு கடைசி வேகத்தில் வருகிறான். கோட்டில் வாங்க ஆளில்லை. கோட்டைத் தாண்டினான், திரும்பினான், தான் ஓடிவந்த சாலையைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். அப்படியே விழுந்தான். என் பக்கத்தில் நின்ற மூதாட்டி தன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, கேட்டேன்.

சர்வதேச அளவிலும் இந்த முயற்சி நடந்தது. மாரத்தான் தூரத்தையே ஆறு துண்டாக்கி (5, 10, 5, 10, 5, 7.195 கி.மீ.) உலகச் சாலைத் தொடரோட்டச் சாம்பியன்ஷிப் என்று நடத்தினார்கள். 1992 ஃபுனபாஷி, 1994 கிரீஸில் லிட்டோகோரோ, 1996 கோபன்ஹேகன், 1998 பிரேசிலில் மனாஸ். நான்கோடு நின்றுபோனது. இங்கே சிபாவில் 1988 முதல் 2014 வரை சர்வதேச எக்கிடென் நடந்தது. 2005இல் அங்கே கென்ய அணி ஓடிய 1:57:06 சாதனை நேரம்.


குறுஞ்சுற்று | ஞாயிறு, காலை 7.30

இதைத்தான் கேட்டேன்! இது அணி. அந்தப் பையனின் முஷ்டி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் உங்கள் கடைசி எண் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு கென்யர்கள் புதுக் கால்களோடு மாறி மாறி ஓடி 1:57:06. கெல்வின் கிப்டம் 2023 சிகாகோவில் ஒற்றை ஆளாக 2:00:35. இடைவெளி மூன்றரை நிமிடம்தானா? காலணி மாறிவிட்டது என்பது தெரியும். இருந்தாலும்!


கிழக்குக்கரை | ஞாயிறு, காலை 8.05

நானும் அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிவைத்துப் பார்த்திருக்கிறேன். எக்கிடெனில் பெரும்பாலான நேரம் தனியாகவே ஓட நேரும். முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், காற்றை மறைக்க ஆளில்லை. சிறந்த ஆறு பேரை இன்றைய காலணியோடு இறக்கினால் நேரம் நன்றாகவே குறையும். இறக்கத்தான் போட்டி இல்லை.


இரவுச்சுற்று | ஞாயிறு, காலை 11.15

நீண்ட தூரத்தில் மூவர் கூட்டல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். 24 மணிநேர ஓட்டத்தில் ஒவ்வொரு நாட்டிலும் சிறந்த மூவர் ஓடிய தூரத்தைக் கூட்டுவார்கள். 2022 ஜூலையில் ஆசிய, ஓசியானியப் போட்டி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்தது. ஆண்கள் அணித் தங்கம் இந்தியாவுக்கு.

இரவு இரண்டு மணிக்கு அந்த டிராக்கைப் பார்க்க வேண்டும். யார் முதலில் போகிறார் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. எல்லாரும் ஒரே வட்டத்தில். ஓரத்தில் நாட்டுக்கு ஒரு கூடாரம். ஓடுகிறவர் நிற்காமல் கையை நீட்டுவார். உள்ளேயிருந்து ஒரு வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டோ உப்புத் தண்ணீரோ கையில் வந்து விழும். ஒருவர் வாந்தியெடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், அடுத்த சுற்றில் வரும் சக வீரர் ‘எழுந்து நட, நடந்தாலும் தூரம்தான்’ என்று சொல்லிவிட்டுப் போவார். நெடுவழி ஐயாவின் பயிற்சியாளர் சைக்கிளில் வந்து சொன்னதை இங்கே உடன் ஓடுகிறவனே சொல்கிறான். குறுஞ்சுற்று, உங்கள் ‘முன்னே இருப்பவனுக்குத் தெரியாது’ என்ற வாதம் இங்கே செல்லாது. நானூறு மீட்டருக்கு ஒருமுறை தெரியும்.


முத்துச்சிப்பி | ஞாயிறு, மாலை 4.20

அரை மாரத்தானிலும் உயிரோடு இருக்கிறது. 2023 ரிகா உலகச் சாலை ஓட்டச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் அரை மாரத்தானில் கென்யாவின் சாவே, எபென்யோ, மைலு மூவரும் ஒன்று, இரண்டு, மூன்று. ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பிலும் மாரத்தான் அணிக் கணக்கு தொடர்கிறது. 2022 மியூனிக்கில் ஜெர்மனியின் ரிச்சர்ட் ரிங்கர் கடைசி நீட்டத்தில் பாய்ந்து 2:10:21இல் தங்கம் வென்றார். அடுத்து இஸ்ரேலின் தெஃபெரி 2:10:23, அயாலே 2:10:29. அணித் தங்கம் இஸ்ரேலுக்கு. எட்டு வினாடிக்குள் மூவர்!

அதற்கு முந்தைய 2018 பெர்லினில் பெலாரஸின் வோல்கா மஸுரோனாக்கை மறக்க முடியாது. ஓட்டத்தின் தொடக்கத்திலேயே மூக்கிலிருந்து ரத்தம். முகம், கழுத்து, சட்டை எல்லாம் சிவப்பு. புறங்கையால் துடைத்துக்கொண்டே ஓடினார். தனியாள் தங்கம் அவருக்கு, அணித் தங்கம் பெலாரஸுக்கு. அவர் நிற்கவே இல்லை.


குறுஞ்சுற்று | ஞாயிறு, இரவு 9.00

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஆளின் நேரம் நாட்டின் வளத்தைக் காட்டும் என்றீர்கள், ஐயா. 1993 சான் செபாஸ்டியன் பெண்கள் போட்டியில் சீனா முதல் நான்கு இடங்களையும் எடுத்தது. முதலில் வந்த வாங் ஜுன்சியா அதற்கு ஏழெட்டு வாரம் முன்புதான் 10,000 மீட்டரை 29:31.78இல் ஓடி உலகத்தைத் திகைக்க வைத்திருந்தார். எல்லாரும் மா ஜுன்ரென் என்ற ஒரே பயிற்சியாளரின் முகாம். அந்த முகாமின் கடுமையைப் பற்றியும் ஊக்கமருந்து பற்றியும் எழுந்த கேள்விகள் இன்றுவரை ஓயவில்லை. அந்த நான்கு இடங்களை எந்த வளத்தின் அளவாக எடுத்துக்கொள்வது? மூன்றாவது, நான்காவது ஆள் என்றால் அவர்களும் ஊரும் கூட்டாளிகளும் வளர்த்தவர்கள் என்றே எப்போதும் சொல்லிவிட முடியாது.


நெடுவழி | திங்கள், காலை 6.15

இரவெல்லாம் இதை யோசித்தேன். நீங்கள் சொல்வது சரி. மூன்றாவது ஆளைக் கசக்கியும் உருவாக்கலாம் என்பதை நான் விட்டுவிட்டேன். என் முதல் பதிவில் எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். ஒரு முகாமின் ஒரு பருவத்தை வைத்து அளக்கக் கூடாது. பத்து, பதினைந்து ஆண்டு தொடர்ந்து ஒரு நாடு மூவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பான் நிறுத்தியது. கென்யாவும் எத்தியோப்பியாவும் நிறுத்துகின்றன.

கென்யாவைச் சொன்னதால் ஒன்று. 2011 டேகு, பெண்கள் மாரத்தான். கடைசிக் கட்டத்தில் ஒரு தண்ணீர் மேசையருகே எட்னா கிப்லகாட்டும் ஷாரன் செரோப்பும் கால் பின்னிக்கொள்ள, கிப்லகாட் கீழே விழுந்தார். செரோப்பும் தங்கத்துக்கு ஓடுகிறவர்தான். ஓடிப்போயிருக்கலாம். நின்றார், அவரை எழுப்பிவிடத் திரும்பினார். முடிவில் கிப்லகாட் 2:28:43, ஜெப்டூ 2:29:00, செரோப் 2:29:14. உலகச் சாம்பியன்ஷிப் மாரத்தானில் ஒரே நாடு மூன்று பதக்கத்தையும் வாரியது அதுவே முதல்முறை. செரோப் வெண்கலத்தோடு நின்றார். அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் அந்தத் தண்ணீர் மேசையில் நிறுத்தித்தான் பார்ப்பேன்.


குறுஞ்சுற்று | திங்கள், காலை 7.50

செரோப்பைப் பற்றித் தெரியாது. பார்த்துவிட்டேன். அவர் நின்றது ஓரிரு வினாடிதான் இருக்கும். ஆனால் நின்றார்.

எனக்கு இன்னமும் கைமாற்றம்தான் பிடிக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடைப்போட்டியில் அதைச் செய்துகாட்டினார்கள்: ஆணும் பெண்ணும் மாறி மாறி, ஆளுக்கு இரண்டு முறை, மொத்தம் சரியாக 42.195 கிலோமீட்டர். ஸ்பெயினின் மார்ட்டினும் மரியா பெரெஸும் 2:50:31இல் வென்றார்கள். ஈக்வடார் வெள்ளி, ஆஸ்திரேலியா வெண்கலம். முதல் சுற்றை முடித்தவர் இளைப்பாறிக்கொண்டே தன் ஆள் எங்கே என்று எட்டிப் பார்க்கிறார், அடுத்து மறுபடி தானே போக வேண்டும். இதே மாதிரி ஓட்டத்திலும் வைத்தால் நான் இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பேன். ஆனால் கூட்டல் முறையை இனி வெறும் கணக்கு என்று சொல்லமாட்டேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.


ஓடும்பிள்ளை | திங்கள், இரவு 7.40

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். எங்கள் கல்லூரியில் மூன்று பேர் சேர்ந்து ஜனவரியில் ஓர் அரை மாரத்தானின் அணிப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். மூவர் நேரமும் கூட்டுவார்கள். நான் 1:34, இன்னொருவன் 1:36. மூன்றாமவன் இதுவரை ஓடியதில் சிறந்தது 1:52. தன்னால் நாங்கள் தோற்போம் என்று சொல்லி இரண்டு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. என்ன செய்வது, ஐயா?


நெடுவழி | திங்கள், இரவு 9.25

கணக்கைப் பாருங்கள், தம்பி. நீங்கள் 1:34இலிருந்து 1:32க்கு வர இந்த இரண்டு மாதமும் உயிரைக் கொடுக்க வேண்டும். கிடைப்பது இரண்டு நிமிடம். அவர் 1:52இலிருந்து 1:45க்கு ஒழுங்கான பயிற்சியிலேயே வந்துவிடலாம். கிடைப்பது ஏழு நிமிடம். உங்கள் அணியின் நேரம் இருப்பது அவரிடம்தான். இதை அவரிடமே எண்களாக எழுதிக் காட்டுங்கள்.

பயிற்சியில் உங்கள் வேகத்துக்கு அவரை இழுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், அதில் நீங்கள் இருவரும் அவர் வேகத்துக்கு இறங்கி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே 16 கிலோமீட்டர் ஓடுங்கள். போட்டியன்று முதல் ஐந்து கிலோமீட்டரில் அவர் யாரையும் துரத்த வேண்டாம். நீங்கள் முடித்ததும் கூடாரத்துக்குப் போகாதீர்கள், கோட்டிலேயே நில்லுங்கள்.


கிழக்குக்கரை | திங்கள், இரவு 10.10

அவர் பெயரை உரக்கக் கூப்பிடுங்கள். கடைசி ஐந்நூறு மீட்டரில் காதில் வேறு எதுவும் விழாது, சொந்தப் பெயர் விழும்.


ஓடும்பிள்ளை | செவ்வாய், காலை 6.55

இழையை அவனிடம் காட்டினேன். தேநீர் டம்ளர் வரை படித்துவிட்டு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை நாலரைக்கு மைதானத்துக்குப் போனால், எங்களுக்கு முன்பே வந்து வாசல் பூட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். காவலாளியை எழுப்பித் திறக்க வைத்தோம். பத்து கிலோமீட்டர், அவன் வேகத்தில்.